பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

சங்கரன்கோவில் பக்கம் இசக்கி, தவசி, அருளப்பன் என்று மூன்று பேர் மென்பொருள் கடை நடத்திவந்தார்கள். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று இருக்கத்தான் செய்தது. யார் வீட்டில் வைத்தோம் என்பதுதான் ஞாபகமில்லை.

மரகதவல்லி அக்காவின் புதுச் சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருள் செய்தார்கள். இவர்கள் கம்ப்யூட்டரில் ஓடியது. அக்காவுடையதில் ஓடவில்லை.

"திங்கக்கிழமை பத்து மணிக்குக் கடை தொறக்கேன். அதுக்குள்ள ஓடலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்றார் அக்கா.

விவரம் தெரிந்தவர் ஒருவர் போனில் வழி சொன்னார்: "புது மெஷின்ல ஒண்ணுமே இருக்காது. உங்க மென்பொருள் ஓட என்னென்ன வேணுமோ, விடாம பட்டியல் எழுதுங்க. நிறுவுற கருவி அதப் படிச்சு ஒவ்வொண்ணா எடுத்துக்கும். பட்டியல்ல இல்லாத எதையும் நம்பாதீங்க."

எழுத்துரு, பிரிண்டர் தொகுப்பு எல்லாம் எழுதினார்கள்.

"லேய், சுவிட்சு போட ஆள் வேணும்லா?" என்றான் தவசி.

"நாந்தான போடுதேன். இசக்கின்னு எழுது."

"டீ குடிக்காம நீ எந்திரிக்க மாட்டியே?"

"டீயும் எழுது. டீ அக்கா கடையிலருந்து வரணும். அதையும் எழுது."

"கடை தொறக்க நம்ம மென்பொருள் ஓடணுமே?" என்றான் அருளப்பன். அதையும் எழுதினார்கள்.

'ஒன்றையொன்று கேட்டுச் சுற்றி வருகிறது, நிறுவ முடியாது' என்று பட்டியலைப் படித்த கருவி நின்றுவிட்டது.

யாரையாவது எடுத்தால்தான் வட்டம் அறும். டீயை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. இசக்கியை எடுக்க ஓட்டு நடந்தது. இசக்கியும் கை தூக்கினான். அவன் போனதும் அவனுக்காக வந்த டீயும் கடையும் தானாகப் போயின. 'எல்லாம் சரி' என்றது கருவி.

திங்கட்கிழமை. அக்கா கடை வாசலில் கூட்டம். கம்ப்யூட்டர் முன் தவசியும் அருளப்பனும் கைகட்டி நின்றார்கள்.

"ஏன்டா சுவிட்சப் போடாம நிக்கீக?" என்றார் அக்கா.

"சுவிட்சு இசக்கி வேலை, அக்கா. அவன் பட்டியல்ல இல்ல. வெளிய நிக்கான்."

இசக்கி வெயிலில் நின்று கையாட்டினான். அக்கா தலையில் அடித்துக்கொண்டு தானே சுவிட்சைப் போட்டார். கருவி எல்லாவற்றையும் நிறுவியது. மென்பொருள் ஓடியது. முதல் ஆர்டர், இரண்டு பொங்கல்.

தவசிக்கு மட்டும் உறுத்தல். "அக்கா இல்லேன்னா ஓடியிருக்காதுலா? பேரச் சேருலே."

சேர்த்தார்கள். கருவி தேடு தேடென்று தேடியது. 'மரகதவல்லி: அப்படி எதுவும் இல்லை.'

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எப்பக்கா ஆச்சு?" என்று தழுதழுத்தான் அருளப்பன்.

தவசி மாலை வாங்க ஓடினான். அருளப்பன் கூட்டத்தைக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, அக்கா உள்ளே கத்தக் கத்த, மரியாதையாக ஷட்டரை இழுத்து மூடினான்.