மண்ணை உதறிய வாகை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சும் உண்டு, நடையும் உண்டு. ஓரிடத்தில் ஈரம் வற்றினால் வேரைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த இடம் போய்விடும். அவற்றில் மொக்கையன் என்ற வாகை மரம் மகா அவசரக்காரன். கிளையில் குருவி வந்து உட்காருவதற்குள் கிளம்பிவிடுவான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. மரங்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்து நடையைக் கட்டின. மொக்கையனும் ஒரு வேர்க்காலைத் தூக்கினான். தூக்கியவன் நின்றான். அவன் விதை ஒன்று பாறை இடுக்கில் விழுந்து கன்றாகியிருந்தது. இரண்டே இலை. வேர் கல்லுக்குள் மாட்டிக்கிடந்தது. இழுத்தால் அறுந்துவிடும். விட்டுப்போனால் காய்ந்துவிடும்.

"என்ன மாமா, ஒத்தக்கால்ல தவமா?"

மண்ணுக்குள்ளிருந்து சடைச்சி கேட்டாள். காளான் இனம். மேலே சின்னக் குடை. கீழே மண்ணெல்லாம் அவளுடைய வெள்ளை நூல்தான்.

"வாயை மூடு. இங்க தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்கு, கல்லுக்குள்ள. உன் கால் எருமைக்கால், நுழையாது. என் நூல் நுழையும்."

"அப்ப கன்னுக்குக் கொண்டுவந்து கொடு."

"எனக்கு யாரு சோறு போடுறது? வெயில்ல சமைக்க எனக்கு இலை கிடையாது. நீங்க உதிர்க்கிற சருகைத் தின்னு பிழைக்கிறேன். எல்லாரும் போயிட்டா அதுவும் இல்ல. நீ நின்னு சமைச்சுப் போடு. உனக்கும் பிள்ளைக்கும் தண்ணி, உப்பு என் பொறுப்பு. ஆனா உன் வேரோட என் நூலைத் தைச்சிடுவேன். அப்புறம் காலைத் தூக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"பாத்தியா, இப்பவே கேக்குற."

"சரி, தை. சீக்கிரம்."

தைத்தாள். மொக்கையன் இலையில் காய்ச்சிய பாகு கீழே இறங்கியது. கல்லுக்குள் கிடந்த ஈரம் மேலே ஏறியது. கன்று மூன்றாவது இலை விட்டது.

மொக்கையனுக்கோ கால் பரபரத்தது. எல்லோரும் ஆற்றங்கரையில் இருக்க, தான் மட்டும் இந்தப் பாறைக் கரட்டில். ஒரு நாள் ஆற்றுப் பக்கம் மின்னல் வெட்டியது. கிளம்புமுன் வேர்மண்ணை உதறுவது மரங்களின் பழக்கம். யோசிக்காமல் காலைத் தூக்கினான். உதறினான்.

நூல்கள் சடசடவென்று அறுந்தன.

வெயில் ஏறுவதற்குள் கன்று தலை தொங்கிவிட்டது.

"சடைச்சி" என்றான். அவள் குடை சுருங்கிச் சாய்ந்து கிடந்தது. "ஏய்" என்றான் மறுபடி.

தூக்கிய காலைப் பழைய குழியிலேயே வைத்து அழுத்தினான். சமைத்ததையெல்லாம் கீழே இறக்கினான். தனக்கென்று சொட்டும் வைக்கவில்லை. பாதி இலை பழுத்து உதிர்ந்தது. கால் பரபரத்தது. அசைக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கடைசியில் ஒரு முனகல் கேட்டது. "குடியைக் கெடுக்கப் பாத்தியே, மாமா."

"பேசாத. தை. இந்தத் தடவை இறுக்கித் தை."

கன்று மெல்ல நிமிர்ந்தது.

ஆறும் வற்றிப்போய்த் திரும்பிய மரங்கள், அந்தக் கரட்டில் பச்சையாக நின்ற மொக்கையனையும் கன்றையும் பார்த்தன. எப்படி என்று கேட்டன.

"நில்லுங்க" என்றான் மொக்கையன். அதற்கு மேல் சொல்ல அவனுக்குப் பொறுமை இல்லை. மிச்சத்தைச் சடைச்சி சொன்னாள்.

நின்றானே தவிர, அவசரம் அவனை விடவில்லை. காற்றடித்தால் இன்றைக்கும் காய்ந்த வாகை நெற்று கலகலவென்கிறது, இதோ கிளம்பிவிட்டேன் என்பது போல. கிளம்புவதில்லை. அன்று முதல்தான் மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கன்றைப் பெயர்த்து நடுகிறவர்களும் வேரோடு வரும் மண்ணை உதறாமல், அப்படியே ஏந்திக் குழியில் வைக்கிறார்கள்.