மதகுப் பூதம் பல் விளக்கின கதை

ஒரு ஊர்ல ஒரு ஏரி, அந்த ஏரி மதகுக்குக் காவலா ஒரு பூதம். ம் கொட்டு கண்ணு, அப்பதான் சொல்லுவேன். பனைமர ஒசரம் இருந்தும் அதுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கா கிடையாது, பாவம்.

ஒரு நாள் புல்லறுக்க ஒருத்தி வந்தா. "உக்காரும்மா, பேசலாம்"னுச்சு பூதம். "மாடு கத்துது"ன்னு விடுவிடுன்னு போயிட்டா. அப்புறம் மீன் பிடிக்கிறவன் வந்தான். "மழை வருது"ன்னு ஓடிட்டான், வானத்துல ஒரு பொட்டு மேகமில்ல. அப்புறம் வளையல்காரர் வந்தாரு. அவரு ஒண்ணுமே சொல்லல, தடதடன்னு ஓடினதுல வளையலெல்லாம் கலகலன்னு கொட்டிச்சு. நம்ம மூஞ்சி அவ்வளவு கோரமான்னு தண்ணியில பார்த்துப் பார்த்து அழுதுச்சு பூதம். மூஞ்சிக்கு என்ன கேடு? பொறந்ததுலேருந்து பல்லே விளக்கினதில்ல. அதை நேருல யாரு சொல்லுவா?

அப்போ, அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்க காசாம்புன்னு ஒருத்தி வந்தா. அவளுக்குச் சளி பிடிச்சு மூக்கடைப்பு. அச்சு அச்சுன்னு தும்மிக்கிட்டே ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து பேசினா. பூதத்துக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியல. மூணாம் நாள் அவளுக்கு மூக்கு திறந்துச்சு.

"அண்ணே, தப்பா நினைக்காத. உன் வாய் நாறுது. வேப்பங்குச்சி ஒடிச்சு விளக்கு."

பூதத்துக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு வேப்பமரத்தையே பிடுங்கி, வருஷத்துக்கும் சேர்த்து ஒரே நாள்ல கரகரன்னு தேய்ச்சுது. ஈறெல்லாம் ரத்தம். நாலே நாள்ல திரும்பவும் பழைய நாத்தம்.

"வருஷத்துச் சோத்தை ஒரே நாள்ல தின்பியா அண்ணே? காலையில விளக்கு, படுக்கும்போது விளக்கு, நாக்கை வழி, தின்னா கொப்பளி. எல்லாம் தினம்"னுட்டு, காசாம்பு வாத்தை ஓட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா.

அப்புறம் யாருமே வரல. யாருக்காக விளக்கணும்னு வெறுத்துப்போச்சு பூதத்துக்கு. ஆனாலும் விளக்குச்சு. மழையில விளக்குச்சு, பனியில விளக்குச்சு, சில நாள் அழுதுக்கிட்டே விளக்குச்சு. என்ன, ம் சத்தம் கம்மியாயிடுச்சு?

அடுத்த அறுப்புக்குக் காசாம்பு வந்தா. காலையிலேருந்து நடந்த அலுப்பு. பேசக்கூடத் தெம்பில்லாம பூதத்தோட மடியில தலையை வச்சா. பூதம் பயந்துபோய் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரம்தான் பிடிக்கும்? புஸ்ஸுன்னு விட்டுடுச்சு, நேரா அவ முகத்து மேல.

அவ முகத்தைத் திருப்பல. அப்படியே தூங்கிட்டா.

கதை வாயை மூடிக்கிச்சு, நீ கண்ணை மூடிக்க கண்ணு.