கேட்டால் வேர் பிடிக்காது

பச்சைக் கிளை முறிகிற சத்தம் காய்ந்த கிளையின் சத்தம் போல இருக்காது. காய்ந்தது ஒரே வெட்டில் முடிந்துவிடும். பச்சை, முறிந்த பிறகும் நாரோடு இழுத்துக்கொண்டு நிற்கும்.

குஞ்சிதம் டீச்சர் அதை முதன்முதலில் கேட்டது வெகுகாலத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம். தெருமுனைப் பக்கமிருந்து வந்தது. பின்னாலேயே ஓடிவருகிற கால்கள். அடக்க முடியாத சிரிப்பு.

அவளுடைய மகன் முகுந்தன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"என்னலே அது?"

"ஒண்ணுமில்லம்மா. செடி."

எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

மதிலோரம் அவனே நட்டான். அடுக்கு நந்தியாவட்டை. அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு லாரி அவனுடைய பைக்கை நெல்லைச் சாலையில் அடித்துப் போட்டது.

செடி இருந்தது. மதிலுக்கு மேல் வளர்ந்து, விடிகிற நேரத்தில் தெருப்பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது.

அந்தச் சத்தத்தை அவள் மறுபடியும் கேட்டது போன மார்கழியில்.

*

"சாமி, என் செடியை ஒடிச்சுட்டாங்க."

நம்பி சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்பில் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவள் அவள்தான். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, அம்மா வாழ்ந்து முடித்த வீட்டுக்கு வந்து அவர் சும்மா உட்கார்ந்தபோது, எதிரே வந்து முதலில் உட்கார்ந்தவளும் அவள்தான். மற்றவர்கள் பிறகு வந்தார்கள்.

அவள் அவரைச் சாமி என்று கூப்பிட்டாள். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"எந்தச் செடி டீச்சர்?"

"எங்கிட்ட இருக்கிறது ஒரே செடிதான்."

அவர் கை நின்றது.

"பூப் பறிக்கிறாங்கன்னு முன்னாலயே சொன்னீங்க."

"பூ போகட்டும் சாமி. அணில் கடிச்சதா நினைச்சுக்கிட்டேன். தினம் விடியறதுக்குள்ள மொட்டையடிச்சுட்டுப் போறாங்க, போகட்டும். இன்னைக்குக் கிளையையே ஒடிச்சு எடுத்துட்டாங்க. தண்டு அடிவரைக்கும் பிளந்துபோச்சு. பால் வடியுது. அது நான் பெத்த பிள்ளை வச்சது சாமி."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"மனசு கொதிக்குது. இது அடங்கணும்."

"அடங்கிட்டா?"

"நிம்மதி."

"நிம்மதி வந்து என்ன பண்ணப் போறீங்க?"

"ஏல நம்பி, எங்கிட்ட விளையாடாதே."

அவர் சிரித்தார். பெஞ்சு மேல் நின்ற பையனின் சிரிப்பு அது.

"சரி டீச்சர். நாளைக்கு விடியும்போது வாசக் கதவைத் திறந்து வச்சுட்டு உக்காருங்க. வர்ற ஆளைப் பிடிக்க வேண்டாம். சத்தம் போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

"என்ன கேள்வி?"

"இந்தப் பூ யாருக்குன்னு."

*

வழியில் காலனி நலச்சங்கச் செயலாளர் எபனேசரைப் பார்த்தாள். அவரிடமும் சொன்னாள்.

"களவாணிகிட்டப் போய்க் கேள்வி கேப்பாங்களா டீச்சர்? பரீட்சையா வைக்கிறீங்க? கேமரா வைப்போம். அது கேக்கும்."

அன்று மாலையே மதில் மேல் கேமரா வைத்தாகிவிட்டது.

விடியும்போது அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படம் தெளிவாக விழுந்தது. ஒரு கிழவி. சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். கம்பி வளைத்துக் கட்டிய குச்சியால் கிளையை இழுத்து, நுனிக்காலில் எக்கி நின்றாள்.

எபனேசர் அதைக் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெரிதாக அச்செடுத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார். மேலே, பூத் திருட்டு, எச்சரிக்கை என்று எழுதியிருந்தது.

"பாட்டி பரதநாட்டியம் ஆடுறாங்களோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"சாமிக்குத் திருடினா பாவமில்லையாம். சாமியும் கூட்டு" என்று இன்னொருவர்.

மத்தியானத்துக்குள் பெயர் தெரிந்துவிட்டது. ஆவுடையம்மாள். நாலாம் தெருவில் மாடி வீடு. மகள் வீட்டோடு இருக்கிறாள்.

குழுவில் சிரிக்கும் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. டீச்சரும் ஒன்று போட்டாள்.

*

அடுத்த வாரம்தான் நம்பி சாமியிடம் போனாள்.

"ஆள் கிடைச்சாச்சு சாமி."

"கேட்டீங்களா?"

"எதை?"

"பூ யாருக்குன்னு."

"யாருக்கா இருந்தா என்ன? களவு களவுதானே."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அவளும் போனாள். அவருடைய வாசலிலும் ஒரு நந்தியாவட்டை நின்றது. வயதானது. அவள் அதைத் தாண்டித்தான் இத்தனை வருஷமும் உள்ளே போய் வந்திருக்கிறாள்.

அவர் குனிந்து இலைகளை விலக்கினார்.

முழங்கால் உயரத்தில் ஒரு பழைய பிளவு. இரண்டு ஓரமும் தடித்து, மூடிய உதடு மாதிரி இருந்தது.

"அம்மா வச்ச செடி" என்றார். "ஒரு நாள் சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தப்ப ஒடிச்சுட்டுப் போயிட்டாங்க. அம்மா திரும்பி வந்து பாத்துட்டு, களிமண்ணைக் குழைச்சு இதுல அப்பிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. யாரையும் ஏசலை. கேட்டிருந்தா குடுத்திருப்பேனேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கலை."

"யார் ஒடிச்சதுன்னு தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியும் டீச்சர். நான்தான் மதில் மேல உக்காந்து ஆள் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அது போய் முடிகிறவரை டீச்சர் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏல" என்றாள். "ஏல நம்பி."

"ஆமா டீச்சர்."

"கேட்டு வாங்கியிருக்கலாமேலே."

"நானும் சொன்னேன். எங்கம்மாகிட்ட நானே வாங்கித் தாரேன்னு சொன்னேன். முகுந்தன் ஒத்துக்கலை. கேட்டா வேர் பிடிக்காதாம். களவாண்டு வச்சாத்தான் வருமாம்."



"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவன் போனதுக்கப்புறம் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் சாயங்காலம் உங்க தெரு வழியா நடக்க ஆரம்பிச்சாங்க. உங்க மதில்கிட்ட நின்னு பாத்துட்டு வருவாங்க. நல்லா வந்திருக்குடா, அந்தப் பிள்ளை கைராசிம்பாங்க."

டீச்சருக்கு ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. யார் முகமும் முகமாகத் தெரியாத நாட்கள் அவை. மதிலருகே ஒரு பெண் நின்று செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வெளியே வந்து, என்ன வேணும், பூத் திருட வந்தியா என்று கேட்டாள். அந்தப் பெண் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"திடீர்னு ஒரு நாள் நிறுத்திட்டாங்க" என்றார் நம்பி சாமி. "ஏன்னு நானும் கேக்கலை."

அவர் இலைகளைப் பழையபடி விட்டார். பிளவு மறைந்தது.

*

அவள் நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனாள். படத்தைக் கிழித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. எக்கி நின்ற கால்கள் மட்டும் பலகையிலேயே தங்கிவிட்டன. நகத்தால் சுரண்டினாள்.

மறுநாள் விடிகாலையில், செடியின் ஒடியாமல் நின்ற பாதியில் பூத்திருந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் பறித்தாள். அந்தச் செடியில் அவள் கை வைத்துப் பறித்தது அதுதான் முதல்முறை. நாலாம் தெரு மாடி வீட்டுக்கு ஏறினாள்.

மகள் வடிவு கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இன்னும் என்ன டீச்சர்? அதான் ஊரெல்லாம் சிரிச்சாச்சே."

"அம்மாவைப் பாக்கணும்."

"அம்மா இல்லை. அண்ணன் வந்து புனேவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் வரைக்கும் அந்தப் படம் போயிடுச்சு. உங்க மாமியார் பூக்கடை வச்சிருக்காங்களான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு மேல இந்த வீட்டுல அம்மாவை இருக்க விடுவாங்களா?"

டீச்சர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு கேள்விம்மா. அந்தப் பூ யாருக்கு?"

வடிவு அவளைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள்.

சன்னலோரம் ஒரு கட்டில். ஒரு கிழவர் மல்லாந்து படுத்திருந்தார். மூடிய கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அப்பாவுக்குப் பார்வை போயி ரொம்ப நாளாச்சு. எரிச்சல் மட்டும் போகலை. விடியக்காலம் பனியோட பறிச்ச பூவைக் கண்ணு மேல வச்சா கொஞ்ச நேரம் அசந்து தூங்குவாங்க. அம்மா போனதுலேர்ந்து தூக்கம் இல்லை."

"யாரும்மா?" என்றார் கிழவர்.

"டீச்சர் வந்திருக்காங்கப்பா. பூ வீட்டு டீச்சர்."

அவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். கைகளைக் கூப்பினார். டீச்சர் நின்றது வாசல் பக்கம். அவர் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. அவ களவாணிதான். இல்லைங்கலை. எனக்காகத்தான் எடுத்தா."

கூப்பிய கைகளை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பூ என்ன நிறம்மா?"

"வெள்ளைங்க ஐயா."

"வெள்ளையா?" அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "எங்கிட்ட ஒரு நாள் மஞ்சள்ம்பா. ஒரு நாள் ஊதாம்பா. நேத்து சிவப்புன்னு சொன்னியேட்டின்னு கேட்டா, இது வேற வீட்டுப் பூம்பா. ஊர்ப் பூவெல்லாம் என் கண்ணுல வச்சதாக் கணக்கு. வெறும் வெள்ளைதானா? களவாணி."

வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் கட்டிலருகே போனாள். அவரைப் படுக்கச் சொன்னாள். ஒரு பூவை எடுத்து ஒரு கண்ணில் வைத்தாள். இன்னொன்றை இன்னொரு கண்ணில் வைத்தாள்.

"அவ கை இதைவிடச் சில்லுன்னு இருக்கும்" என்றார் கிழவர். குறையாகச் சொல்லவில்லை.

வெளியே வரும்போது மாடிப்படி ஓரத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. மண் நிரப்பி, ஒடித்த கிளைப் போத்து ஒன்று நட்டிருந்தது. நுனியில் சாணி உருண்டை. கணுவில் பச்சையாக ஒரு புள்ளி.

அவளுக்கு அது எந்தக் கிளை என்று தெரிந்தது.

"முழங்கால் வலி தாங்கலை அம்மாவுக்கு" என்றாள் வடிவு. "இங்கேயே ஒண்ணு வளந்துட்டா அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம்னு வச்சா. இனிமே டீச்சர் வீட்டுப் பக்கமே போக மாட்டேன்னா. மறுநாள் போக வேண்டாம்னுதான் நானும் சொன்னேன். இது பூக்கிற வரைக்கும் அப்பா கண்ணுக்கு என்ன பண்றதுன்னு கேட்டுட்டுப் போனா. அன்னைக்குத்தான் உங்க கேமரா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே" என்றாள் டீச்சர்.

"கேட்டு வாங்கினா வேர் பிடிக்காதுன்னு அம்மா சொல்லும்."

டீச்சர் குனிந்து வாளி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

வடிவு, "உங்களுடையதுதான். வாளியோட எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர்" என்றாள்.

"என்னுடையது இல்லைம்மா."

ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கினாள். வேரடியில் ஊற்றினாள். புனேவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள். வடிவு போட்டுத் தந்தாள். பூ வீட்டு டீச்சர் பேசுகிறார் என்று மறுமுனையில் யாரோ சொல்வது கேட்டது. ஆவுடையம்மாள் போனை வாங்கவில்லை.

*

கேமராவைக் கழற்றிவிட்டார்கள். வாசல் கதவு இராத்திரியும் பகலும் திறந்தே கிடந்தது. ஒருவரும் வரவில்லை. நின்ற பாதி உள்ளவரை டீச்சரே பறித்துக்கொண்டு நாலாம் தெருவுக்குப் போனாள். பிறகு அதுவும் பிளவிலிருந்து மேல்நோக்கிக் காய்ந்தது. களிமண் அப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பின் நம்பி சாமி வாசலில் பறித்தாள். கேட்டுத்தான் பறித்தாள், ஒவ்வொரு நாளும்.

ஒரு நாள் அவர், "கொதிப்பு அடங்குச்சா டீச்சர்?" என்றார்.

"அடங்கிடுச்சு சாமி."

"நிம்மதியா?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அவர் கீரைக்கட்டைப் பிரித்துப் பாதியை அவள் பக்கம் தள்ளினார். இருவரும் ஆயத் தொடங்கினார்கள்.

பெயின்ட் வாளிச் செடி ஆடியில் பூத்தது.

ஆவுடையம்மாள் சித்திரையிலேயே புனேவில் இறந்துபோயிருந்தாள். ஊருக்குக் கொண்டுவரவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள்.