மூவர் எழுதிய பள்ளிக்கூட மணி

விடை தெரிந்துவிட்டாலும் கேள்வி வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. சம்மதம்தானே? அப்படியென்றால் கேளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் ஒரு மேல்நிலைப்பள்ளி. ஒரு நாளைக்கு எட்டு முறை அங்கே மணி அடிக்கும். அலுவலக உதவியாளர் சுடலைமுத்து அண்ணன்தான் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து பொத்தானை அமுக்குவார். மணிகளின் நேரப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஆனால் பலகையில் இல்லாத வழக்கம் ஒன்றும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்காக மதிய இடைவேளை அரை மணி நேரம் நீளும். ஒன்றரைக்கு அடிக்க வேண்டிய மணி அன்று இரண்டுக்கு அடிக்கும். அதற்குப் பின் வருபவையும் அப்படியே தள்ளிப்போகும். எல்லாருக்கும் பழகிப்போனதால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் கணினி ஆசிரியை பத்மாசனி டீச்சர் பதினொன்றாம் வகுப்பில் அறிவித்தார்: "ஒரு வாரம் முழுக்க, யார் கையும் படாமல், நம்ம பள்ளிக்கூட மணியைச் சரியாக அடிக்கிற புரோகிராம் வேணும். எழுதினவங்க என்னோட மாவட்டக் கண்காட்சிக்கு வரலாம். ஒரே ஒரு இடம்தான். சாட்பாட்கிட்டகூடக் கேட்கலாம், தடையில்லை."

ரைஹானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்காட்சிக்கு இரண்டு முறை பெயர் கொடுத்து, இரண்டு முறையும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காமல் போனவள் அவள். தேன்மொழியும் ஸ்டெல்லாவும் அவளோடு கை தூக்கினார்கள்.

தேன்மொழி அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்துச் சாட்பாட்டுக்கு அனுப்பினாள். நொடியில் புரோகிராம் வந்தது. "இது சரியா அடிக்குமா?" என்று கேட்டாள். "நிச்சயமாக!" என்றது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்டெல்லாவோ, "அது சொல்லி நான் எழுதவா? ஏட்டி, போ!" என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து எழுதினாள். அவளுடைய புரோகிராம் தினமும் காலையில், "இன்றைய நேரங்கள் என்ன?" என்று கேட்கும். அவள் தட்டிக் கொடுத்தால், கொடுத்தபடி அடிக்கும்.

ரைஹானாவும் சாட்பாட்டைத்தான் கேட்டாள். ஆனால் மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன விளக்கை மாட்டினாள். கணினியின் கடிகாரத்தைத் திங்கள், செவ்வாய் என்று முன்னே நகர்த்தி, விளக்கு எப்போதெல்லாம் எரிகிறது என்று பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது ஒன்றரைக்கே எரிந்தது.

"வெள்ளிக்கிழமை இரண்டுக்கு அடிக்கணும்," என்று பின்வரும் நேரங்களையும் சேர்த்துச் சொன்னாள்.

"மன்னிக்கவும், திருத்திவிட்டேன்," என்றது சாட்பாட். இப்போது ஒன்றரைக்கும் எரிந்தது, இரண்டுக்கும் எரிந்தது.

"ஒன்றரை மணி வேண்டாம்."

"மன்னிக்கவும்!" இந்தத் தடவை ஒன்றரை மணி எல்லா நாளிலும் காணாமல் போனது.

ரைஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ திங்கட்கிழமையும் நாங்க சாப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா?"

பிறகு ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதையே விளக்கச் சொல்லிப் படித்தாள். இடம் மாறிக் கிடந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துத் தானே நகர்த்தினாள். மறுபடி ஐந்து நாளையும் ஓட்டினாள். நாற்பது மணி, நோட்டில் நாற்பது டிக். ஒரு குறும்புக்காக, "இதுவும் தப்பு!" என்று சாட்பாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். சரியாக இருந்ததற்கும் அது மன்னிப்புக் கேட்டது.

ஆளுக்கு ஒரு நாள் மணி அடித்துக்காட்டச் சீட்டுக் குலுக்கினார்கள். புதன்கிழமை தேன்மொழி: எட்டு மணியும் நொடி பிசகவில்லை. சுடலைமுத்து அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தார். வியாழக்கிழமை ஸ்டெல்லா: காலையில் தட்டும்போது ஒரு நிமிடக் கணக்கில் ஐந்துக்குப் பதில் எட்டு விழுந்துவிட்டது. மூன்றாம் மணி மூன்று நிமிடம் தாமதம். மற்ற ஏழும் சரி.

"ஏட்டி, கணக்கு வகுப்புல மூணு நிமிஷம் கூட இருக்கிறது என்ன பாடுன்னு உனக்குத் தெரியுமா?" என்று தேன்மொழி சீண்டினாள்.

வெள்ளிக்கிழமை ரைஹானாவின் முறை. முதல் நான்கு மணிகளும் சரியாக அடித்தன. அதற்குள் வானம் கொட்டித் தீர்க்க, பகல் பன்னிரண்டுக்கே விடுமுறை விட்டுவிட்டார்கள். பள்ளியே கும்மாளம் போட்டது. ரைஹானா மட்டும் வானத்தை முறைத்தாள். கண்காட்சிக்குப் பெயர் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

டீச்சர் மூவரையும் கணினி அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னோடது எட்டுக்கு எட்டு, டீச்சர்," என்றாள் தேன்மொழி.

"என்னோடது முழுக்க முழுக்க என் சொந்தம்," என்றாள் ஸ்டெல்லா.

ரைஹானா நாற்பது டிக் போட்ட நோட்டை நீட்டினாள்.

"நாலு மணிதானேட்டி அடிச்சுது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டீச்சர் இருவர் சொன்னதையும் யோசித்தார். நோட்டை ஒருமுறை புரட்டினார். பேனாவின் மூடியைத் திறந்தார். நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள்: அவர் யார் பெயரை எழுதியிருக்க வேண்டும்? ஏன்?

விடை: ரைஹானா. கேட்டது ஒரு வாரம் முழுக்க, யார் கையும் படாமல் அடிக்கும் மணி. ஸ்டெல்லாவின் உழைப்பு உயர்ந்ததுதான். ஆனால் தினமும் அவள் கை பட்டே ஆக வேண்டும். தேன்மொழியின் மணி புதன்கிழமை சரி. வெள்ளிக்கிழமையானால் பாதிப் பேர் பள்ளிவாசலில் இருக்கும்போதே வகுப்புக்கு அழைக்கும். அது சாட்பாட்டின் குற்றமும் அல்ல. பலகையில் இல்லாததை அதற்கு யாரும் சொல்லவில்லை. "நிச்சயமாக" என்று அது சொன்னதைச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. ரைஹானாவின் மணியைப் பள்ளி கேட்டது நான்கு முறை; அவளோ நாற்பது முறையும் பார்த்துவிட்டாள். டீச்சர் அவள் பெயரை எழுதி முடித்ததும், "சரி, ஏட்டி, அந்த லைட்டை எங்க மாட்டுன? காட்டு!" என்று முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டவள் தேன்மொழிதான்.