வால்பாறை வளைவில் சாய்ந்த கார்

ஆலை முதலாளி ராஜரத்தினத்தின் ஸ்போர்ட்ஸ் கார் வால்பாறை வளைவில் சாய்ந்து பாறையில் மோதியது. டிரைவர் செவந்தியப்பன் அங்கேயே இறந்தார். கார் சாய்கிறது என்று அவர் மூன்று முறை சொல்லியும் முதலாளி காரைத் தாங்கும் சஸ்பென்ஷன் கம்பியை மாற்றவில்லை.

விபத்துக்குப் பிறகு முதலாளி, மெக்கானிக் லூர்துவை மிரட்டினார். "சாயாம இருக்கப் புதுக் கம்பி மாட்டு. விபத்துக்கு முன்னாடியே மாட்டினதா எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா உன் பட்டறை இருக்காது."

"சரிங்க முதலாளி." லூர்து அப்படியே செய்தார்.

காரின் அருகே நடந்த விசாரணையில் முதலாளி, "கார்ல குறையில்ல. டிரைவர்தான் கண்மண் தெரியாம ஓட்டினான்" என்றார். செவந்தியப்பனின் மனைவி அழுதாள்.

"இது உன் கையெழுத்தா?" என்று இன்ஸ்பெக்டர் லூர்துவிடம் கேட்டார்.

"என்னுதுதாங்க. கம்பியில தயாரிச்ச தேதி அடிச்சிருக்கு. அதையும் படிச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் காருக்கு அடியில் குனிந்து படித்தார். செவந்தியப்பனைப் புதைத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் அந்தக் கம்பியே உருவாகியிருந்தது.