குளியல் மண்டபத்தில் கூடிய சபை

முன்னொரு காலத்தில் மதிவளவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன். ஆனால் சிம்மாசனத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அரண்மனை வைத்தியர் மருதவாணர் அவனுக்காக ஒரு குளியல் மண்டபம் கட்டச் செய்தார். இளஞ்சூடான நல்லெண்ணெயைத் தேய்த்து உடம்பு முழுவதும் பிடித்துவிடுவார்கள். பிறகு நொச்சி இலை கொதிக்கும் அறையில் ஆவி பிடிக்க வேண்டும். கடைசியில் வெந்நீர்க் குளியல். சில நாட்களிலேயே அரசனுக்கு வலி விட்டது. நன்றாகப் பசித்தது. படுத்ததும் தூக்கம் வந்தது.

சுகம் கண்டுவிட்ட அரசன் அங்கேயே தங்கிவிட்டான். "போதும், எழுந்து வாருங்கள்" என்று அழைக்கப்போன சேனாதிபதியை எல்லைக் காவலுக்கு அனுப்பிவைத்தான். அதன்பிறகு வைத்தியரும்கூட வாய் திறக்கவில்லை.

இதில் முதலமைச்சர் சூரகண்டருக்குத்தான் கொண்டாட்டம். அரசன் இல்லாத சபையில் அவர் வைத்ததே சட்டம். விகடகவி நக்கன் ஒருவன்தான் அவர் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்தான். அவனை ஒழித்துக்கட்ட ஒருநாள் அரசனிடம் போனார்.

"மன்னா, தாங்கள் வெளியே வராமலே சபை நடத்தத் தன்னால் முடியும் என்று நக்கன் ஊரெல்லாம் பெருமை பேசுகிறான்."

நக்கன் அப்படி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் அரசனுக்கு அது பிடித்துப்போனது. உடனே அவனை வரவழைத்தான்.

"நக்கா, நான் இந்த மண்டபத்தை விட்டு நகரமாட்டேன். இனி நான் இல்லாமல் சபை நடப்பதும் எனக்குச் சம்மதமில்லை. நாளை உச்சிப்பொழுதுக்குள் சபையை நடத்திக் காட்டு. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போ."

மறுத்தாலும் நாடுகடத்தல், அரசனை வெளியே கூப்பிட்டாலும் நாடுகடத்தல். நக்கன் தொங்கிய முகத்தோடு வீடு திரும்பினான். நிறைமாதக்காரியான மனைவி செங்கமலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"ராஜா வெளிய வரமாட்டாரு. சபை உள்ள போகாது. இந்த வயித்தோட எந்த ஊருக்குங்க நான் நடக்கறது?"

நக்கன் சட்டென்று நிமிர்ந்தான். "சபை உள்ள போகாதுன்னு யாரு சொன்னா?"

மறுநாள் காலையில் ஊரெங்கும் பறை முழங்கியது: 'இன்று சபை குளியல் மண்டபத்தில் கூடும். முறையிட விரும்புவோர் எல்லாரும் வரலாம்.'

மண்டபத்துக்கென்று அரசனே போட்ட ஒரு கட்டளை இருந்தது. எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டு மட்டும் கட்டியவர்களுக்கே உள்ளே அனுமதி. வாசலில் நின்ற நக்கன் அதில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அமைச்சர்களின் தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமும் வாசலிலேயே குவிந்தன.

"நான் முதலமைச்சர்! எனக்குமா?" என்று சீறினார் சூரகண்டர்.

"அரசர் கட்டளையைத் தாங்கள் மீறலாமா, ஐயா?" என்று பணிவோடு கேட்டான் நக்கன்.

பல்லைக் கடித்துக்கொண்டு சூரகண்டர் துண்டைக் கட்டினார். உள்ளே ஆவி திரையாக மூடியிருந்தது. அமைச்சர் யார், உழவர் யார் என்றே தெரியவில்லை. எல்லாருமே எண்ணெயில் பளபளத்தார்கள்.

வெள்ளக்குட்டி என்ற உழவன் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு ஒருபுறம் அரசன், மறுபுறம் சூரகண்டர். இருவரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அடடா, முதுகு வலி விட்டுப்போச்சே!" என்று கைகால்களை நீட்டிக்கொண்டான். பிறகு அரசன் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எங்கண்ணே வலி?"

அரசனுக்கு வேடிக்கையாக இருந்தது. "இடுப்பில். உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது."

"எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு வந்தது. ஏரி மடை உடைஞ்சு தண்ணியெல்லாம் ஓடையில போவுது. நாத்தைக் காப்பாத்த ஊரே குடத்துல தண்ணி சுமக்குது."

"அரண்மனையில் முறையிடவில்லையா?"

"முறையிடாம? வாசல்ல நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு. 'ராஜா குளிக்கிறாரு, போடா'ன்னு வெரட்டிட்டாரு அந்தப் பெரிய மந்திரி. ஒரு மனுசன் இத்தனை நாளா குளிப்பாரு?" என்றவன் சூரகண்டரின் தொடையில் தட்டினான். "நீங்களே சொல்லுங்கண்ணே, இது நியாயமா?"

சூரகண்டருக்கு வியர்த்து ஊற்றியது. ஆவியால் மட்டும் வந்த வியர்வை அல்ல அது.

அரசன் எழுந்தான். கதவைத் திறந்து வெயிலுக்குள் நடந்தான். வெளிச்சத்தில் முகத்தைக் கண்டதும், "ஐயோ, ராஜாவா!" என்று பின்னால் ஓடிவந்த வெள்ளக்குட்டி தரையில் விழுந்தான். அரசன் அவன் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"பயப்படாதே. ஏரிக்கு வழி காட்டு. நானும் வருகிறேன்."

வாசலில் நக்கன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். "மன்னா, உச்சிப்பொழுதுக்குள் சபை நடந்துவிட்டது. தங்களை யாரும் வெளியே வரச் சொல்லவும் இல்லை."

அரசன் அவனை முறைத்தான். அப்புறம் இடுப்பில் துண்டோடு நிற்கும் தன்னையும், பின்னால் ஆவி பறக்க ஓடிவரும் அமைச்சர்களையும் பார்த்தான். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டான். முன்பு பிடித்துக்கொண்ட இடுப்பு அந்தச் சிரிப்பைத் தாங்கியது.

மடை கட்டி முடியும்வரை மண் சுமக்கும்படி சூரகண்டருக்கு ஆணை போனது. சேனாதிபதி எல்லையிலிருந்து அழைக்கப்பட்டார். அரசன் தன் முத்துமாலையைக் கொண்டுவரச் சொல்லி நக்கனுக்கு அணிவித்தான்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

"இந்த மண்டபம் வேண்டும், மன்னா. எனக்கல்ல, குனிந்து வேலை செய்யும் எல்லாருக்கும்."

அரசன் மறுபடியும் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். அன்றுமுதல் நாற்று நட்டவர்களும் மூட்டை தூக்கியவர்களும் அங்கே வந்து எண்ணெய் தேய்த்து, ஆவி பிடித்து, வலி தீர்ந்து வீடு போனார்கள். பெண்களுக்கென்று பக்கத்திலேயே இன்னொரு மண்டபமும் எழுந்தது. பிள்ளை பெற்ற செங்கமலத்துக்குத்தான் அங்கே முதல் வெந்நீர்க் குளியல்.