மீளாத் துயரில் தணிகாசலம்

கால்வாய்க்கு வடக்கே ஒரு கால்பந்து கிளப் இருந்தது. தெற்கே ஒன்று இருந்தது. தெற்கே இருந்தது இப்போது இல்லை.

தென்கரை யூனியன் போன விதத்தை ஊரே சொல்லிச் சிரித்தது. புதிதாக வந்த தலைவர் முதலில் ஒரு சொகுசுப் பேருந்து வாங்கினார். மைதானம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிக் கூப்பிடு தூரம். பேருந்து பாலத்தில் நுழையாது. ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடந்து வந்த ரசிகர்கள் காத்திருப்பார்கள், ஆட்டக்காரர்கள் பிறகு வந்து இறங்குவார்கள்.

அடுத்து வெளிநாட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் கூட்டி வந்தார். அவருக்கு முழங்கால் ஏற்கெனவே போயிருந்தது. அவருக்குக் கொடுப்பதற்காக, வரப்போகிற வருடங்களின் டிக்கெட் வசூலை இப்போதே விற்றார். அது போதாமல் பயிற்சித் திடலை அடமானம் வைத்தார். உள்ளூர்ப் பையன்களுக்குச் சம்பளம் நின்றது. பையன்களும் நின்றுகொண்டார்கள். லீக்கிலிருந்து பெயரை அடித்தார்கள். தலைவர் ஊரிலேயே இல்லை.

வடகரையில் பிரியாணி போட்டார்கள்.

வடகரை பிரதர்ஸ் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் தணிகாசலம். லாரி ஷெட்டில் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு தனியாள். போஸ்டர் அவருடைய யோசனைதான்.

கறுப்பு பார்டர், மேலே இரண்டு கை கூப்பிய படம். கண்ணீர் அஞ்சலி. தென்கரை யூனியன் கால்பந்துக் கழகம், சொகுசுப் பேருந்து ஏறியதில் அகால மரணமடைந்தது. கடைசி வரியில், மீளாத் துயரில் வாடும் ச. தணிகாசலம் மற்றும் வடகரை பிரதர்ஸ்.

அச்சாபீஸ்காரரே சிரித்துவிட்டுத்தான் அடித்தார். பாலத்தின் தெற்கு முனையில், அந்தப் பக்கத்து ஆட்கள் பார்க்கிற சுவரில் ஒட்டினார்கள்.

பிறகு தணிகாசலம் மரியசூசைக்காகக் காத்திருந்தார்.

மரியசூசை யூனியன் ரசிகர். எதிர் கேலரியில் பல வருடமாக ஒரே இடம். ஆளை விடக் குரல்தான் பெரிது. ஆட்டம் தொடங்கியதும் மைதானத்தைத் தாண்டி அந்தக் குரல் வரும்.

“தணிகா, உன் கோல்கீப்பர் தூங்குறான். போர்வை குடுத்து அனுப்பு.”

தணிகாசலம் எழுந்து நின்று திருப்பிக் கொடுப்பார்.

“சூசை, உன் ஆளு பந்தைப் பார்த்தா பயப்படுறான். மந்திரிச்சுக் கயிறு கட்டு.”

இவ்வளவுதான் பழக்கம். இருவரும் சேர்ந்து ஒரு டீ குடித்ததில்லை.

போஸ்டரைச் சூசை கிழிப்பார், அல்லது பக்கத்தில் இதைவிடப் பெரியதாக ஒன்று ஒட்டுவார் என்று தணிகாசலம் நினைத்தார். அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தார். தினமும் வேலைக்குப் போகும்போது பாலத்தில் நின்று பார்த்தார். போஸ்டர் அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

வியாழக்கிழமை சாமியிடம் போனார்.

கால்வாய் ஓரத்து ஜீவசமாதியில் தினமும் விளக்கேற்றிக்கொண்டு அங்கேயே இருப்பவர் சாமி. தணிகாசலத்தின் வயதுதான் இருக்கும். பெருக்கிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை வைக்காமலே கேட்டார்.

“என்ன, முகம் சரியில்ல?”

“தூக்கம் வரல, சாமி. ஒரு சந்தேகம்.”

“கேளு.”

“எதிராளி தானே கெட்டுப் போறான். நாம ஒண்ணும் பண்ணல. அதைப் பார்த்து சிரிச்சா தப்பா?”

“சிரிச்சியா?”

“வயிறு வலிக்கச் சிரிச்சேன். நாலு நாள். அதுக்கப்புறம் வரல.” போஸ்டர் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சாமி சிரிக்கவில்லை. “உன் பேர் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“எந்த இடத்துல?”

“கீழ. மீளாத் துயரில் வாடும்னு.”

“நாளைக்கு சாயந்திரம் வீட்ல இரு,” என்று சொல்லிவிட்டுச் சாமி மறுபடி பெருக்க ஆரம்பித்தார்.

மறுநாள் வந்தார். வாசலில் செருப்பை விட்டார். எப்போதும் கேட்கிற ‘என்னப்பா’ இல்லை. நேராக உள்ளே வந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தணிகாசலத்தின் முன்னால் நீட்டினார்.

தணிகாசலம் அந்தக் கைகளைத் தொட்டார். தொட்ட பிறகுதான் புரிந்தது, துக்க வீட்டில் கை கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார் என்று.

“சாமி, என்ன இது?”

சாமி சுவர் ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார்.

“எப்படி ஆச்சு?”

“விளையாடாதீங்க, சாமி.”

“போஸ்டர் பார்த்துட்டுத்தான் வந்தேன். எப்படி ஆச்சு?”

தணிகாசலம் எதிரில் உட்கார்ந்தார். “பஸ்ஸு வாங்கினாங்க, சாமி. அதுலதான் ஆரம்பிச்சது. அப்புறம் அந்த முழங்கால் போன ஆளு. எங்க பசங்க அவருக்குத் தைலம் வாங்கி வீசினாங்க.”

“முன்னாடியே யாரும் கவனிக்கலையா?”

“கவனிக்காம என்ன? சூசை கவனிச்சான். அவங்க மீட்டிங்ல எழுந்து கேட்டிருக்கான். டிக்கெட் காசு எங்க போகுது, திடல் பத்திரம் யார் கையில இருக்குன்னு. மேடையில இருந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? நீ பிரதர்ஸ் ஆளு, அவங்க கிட்ட காசு வாங்கிட்டு வந்து பேசறன்னாங்க.” தணிகாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சூசையைப் போய். எங்களை மாதிரி அவனைத் தெரிஞ்சவன் யாரு? எங்க கொடியைப் பார்த்தாலே காறித் துப்புவான்.”

“அப்புறம்?”

“அது பாலம் தாண்டி எங்க காதுக்கு வந்திச்சு. அடுத்த ஆட்டத்துல நாங்க சும்மா இருப்போமா? கேலரி மொத்தமும் எழுந்து பாட்டு. சூசை நம்ம ஆளு, சூசை நம்ம ஆளுன்னு. தாளத்தோட.”

“யார் ஆரம்பிச்சது?”

“நான்தான்.”

“சூசை என்ன சொன்னான்?”

தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

“பதிலுக்கு ஒண்ணும் சொல்லல. முதல் தடவை அது. பக்கத்துல இருந்தவங்க அவனைத் திரும்பிப் பார்த்தாங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்க.” அவர் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். “அதுக்கப்புறம் அவன் மீட்டிங்ல கேட்டதா நான் கேள்விப்படல.”

சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

“கடைசியா எப்போ பார்த்த?”

“அவங்க கடைசி ஆட்டத்துல. அந்தப் பாட்டுக்கப்புறமும் ஆட்டத்துக்கு வந்தான். ஆனா சத்தம் இல்ல.”

“நல்லாத் தெரிஞ்ச மனுஷனா?”

“அவன் வீடு எங்கன்னு தெரியாது, சாமி. எத்தனை பிள்ளைங்கன்னு தெரியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “என் வீட்டம்மா செத்த மாசம் நான் ஆட்டத்துக்குப் போனேன். வீட்ல இருக்க முடியல. எங்க கேலரியில ஒருத்தரும் வாயைத் திறக்கல. எழுந்து இடம் விட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. எனக்கு மூச்சே முட்டிச்சு. எழுந்து போயிடலாம்னு பார்த்தேன். அப்போ எதிர்ல இருந்து சத்தம். தணிகா, வந்துட்டியா, இன்னைக்கு உன்னை அழ வச்சு அனுப்பறேன்னு.”

“கோபம் வரலையா?”

“எங்க ஆளுங்க அடிக்கக் கிளம்பிட்டாங்க. நான்தான் தடுத்தேன். எழுந்து பதில் குடுத்தேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறாக்கிச் சாப்பிட்டேன்.”

சாமி கேட்பதை நிறுத்தியிருந்தார். தணிகாசலம்தான் பேசினார்.

“ஷெட்டுல நான் அண்ணன். மன்றத்துல தலைவர். தணிகான்னு கூப்பிட இப்ப யாரும் இல்ல, சாமி. ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு, வேற ஏதோ ஊர் டீம். எதிர் கேலரி காலியாத்தான் கிடக்கும். போகணுமான்னு இருக்கு.”

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து லைட்டைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

“அவன் கிழிச்சிருக்கலாம்,” என்றார் தணிகாசலம். “கிழிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏன் கிழிக்கல?”

“பாலத்துல ஒரு ஆள் நின்னு அதைப் படிச்சுட்டு இருந்தான்,” என்றார் சாமி. “உன் வயசு. குரல் பெருசு. நானும் அதைத்தான் கேட்டேன், ஏம்ப்பா கிழிக்கலைன்னு.”

தணிகாசலம் நிமிர்ந்தார்.

“‘எங்க ஆளுங்க ஒருத்தரும் அஞ்சலி ஒட்டல, சாமி, இருக்கறது இது ஒண்ணுதான்’னு சொன்னான். ஒரு மூலை பிரிஞ்சு தொங்கிச்சு. எச்சில் தொட்டு அழுத்தி ஒட்டிட்டுப் போனான்.”

தணிகாசலம் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். தேய்த்துக்கொண்டே இருந்தார். சாமி வேறு பக்கம் பார்த்தார்.

“எந்தப் பக்கமா போனான்?” என்று கேட்டார் தணிகாசலம்.

“சர்ச்சுக்குப் பின்னால சந்து. பச்சைக் கதவு வரைக்கும் கூடவே போனேன்.”

“போனா உள்ள விடுவானா?”

“தெரியாது.”

“அடிச்சாலும் அடிப்பான்.”

“அடிக்கலாம்.”

“போய் என்ன சொல்றது?”

“நான் இங்க வந்து என்ன சொன்னேன்?”

தணிகாசலம் யோசித்தார். சாமி வந்ததிலிருந்து ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். ஒரு கை மாட்டிவிட்டு நின்றார். அது பிரதர்ஸ் சட்டை, நீலம். கழற்றி வைத்துவிட்டு வேறு ஒன்றைத் தேடினார்.

சாமியும் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் போய்க் குளிக்கணும்,” என்றார். “துக்கம் கேட்டுட்டு அப்படியே விளக்கேத்த முடியாது.”

தணிகாசலம் பொத்தான் போட்டுக்கொண்டே வாசல் வரை வந்தார். முகத்தில் பழைய கேலியைக் கொஞ்சம் வரவழைக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

“அப்போ நானும் அங்க போயிட்டு வந்து குளிக்கணுமா, சாமி?”

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

“குளிச்சா துக்கம் போயிடறது வெளியாளுக்குத்தான்.”